எம்.எஸ். ரெண்டாம் வருஷம், இன்னும் கேமரா மட்டும்தான். லேப் (லேப்ராஸ்கோப்பி) எப்போ, எங்கே, எப்படிக் கத்துக்கிறது?

கேமராமேன்:

வணக்கம் சீனியர்ஸ். தென் மாவட்டத்துல ஒரு அரசு மருத்துவக் கல்லூரி. ஜெனரல் சர்ஜரி, ரெண்டாம் வருஷம். ஹெர்னியா, ஹைட்ரோசீல், ஓப்பன் அப்பெண்டிக்ஸ் எல்லாம் கையில வந்திருச்சு. அட்மிஷன் டே ராத்திரியில குடல் ஓட்டை கேஸ் வந்தா, அசிஸ்டண்ட் சார் பக்கத்துல நிக்க நானே தைச்சிருக்கேன். லேப்னு, அதாவது சின்ன ஓட்டை வழியா கேமரா விட்டுப் பண்ற ஆபரேஷன்னு வந்தா மட்டும் கேமராதான்.

எங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு லேப் டவர் (மானிட்டர், கேமரா, லைட், காஸ் மெஷின் அடுக்கின வண்டி), அதை நாலு யூனிட் பங்கு போட்டுக்கிறோம். நேத்து லாக் புக்கைப் புரட்டி எண்ணினேன். 41 லேப் கோலி (லேப்ல பித்தப்பையை எடுக்கிறது). 41-லயும் கேமரா. ஒரே ஒரு தடவை பித்தப்பையைப் பையில போட்டு வெளியே எடுக்கச் சொன்னாங்க. பை கிழிஞ்சு கல்லெல்லாம் உள்ளேயே கொட்டிருச்சு. பொறுக்கி எடுக்க இருபது நிமிஷம் ஆச்சு. அதோட சரி, அப்புறம் யாரும் கூப்பிடல.

மூணு விஷயம் கேக்கணும். எம்.எஸ். முடிச்சு எஃப்.என்.பி. போறதா, எம்.சிஹெச். போறதா, இல்ல இந்தச் சில நாள் ஃபெலோஷிப் போதுமா? ஸ்கில் லேப் (கைப்பழக்கத்துக்கான பயிற்சி அறை) எப்பவும் பூட்டியே இருக்கு, ரூம்லயே பழக வழி உண்டா? மூணாவது கொஞ்சம் புலம்பல்: இப்படிக் கேமரா பிடிச்சே மூணு வருஷம் போயிருமா? அடுத்த மாசம் டி.ஆர்.பி.க்கு, அதான் மாவட்ட ரெசிடென்சிக்கு, மாவட்ட ஆஸ்பத்திரி போறேன். அந்த 3 மாசத்துல ஏதாவது நடக்குமா?

ரெண்டு வருஷ ஃபெலோ:

முதல் கேள்விக்கு மட்டும் பதில், ரெண்டு கேஸுக்கு நடுவுல டைப் பண்றேன்.

எஃப்.என்.பி. மினிமல் அக்செஸ், அதாவது லேப்புக்கான ஃபெலோஷிப், நேஷனல் போர்டோடது. எம்.எஸ். இல்ல டி.என்.பி. முடிச்சு, தனி என்ட்ரன்ஸ் எழுதி, 2 வருஷம் ஒரே ஆஸ்பத்திரியில கிடக்கணும். சர்ஜிக்கல் காஸ்ட்ரோ எம்.சிஹெச். நீட் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்பெஷாலிட்டி என்ட்ரன்ஸ்) வழியா, 3 வருஷம். அது லேப் படிப்பு இல்ல பாஸ். கல்லீரல், கணையம், உணவுக்குழாய்னு அந்த உறுப்புகளோட படிப்பு, லேப் அதுக்குள்ள ஒரு கருவி. கணையம் பிடிக்குமா, கருவி பிடிக்குமான்னு முதல்ல முடிவு பண்ணுங்க.

அமாசி, ஐ.ஏ.ஜி.இ.எஸ்.னு ரெண்டு சர்ஜன்கள் சங்கம் நடத்துற எஃப்மாஸ், ஃபியாஜஸ் ரெண்டும் சில நாள் கோர்ஸ்: லெக்சர், பெட்டியில கைப்பழக்கம், ஒரு பரீட்சை. போங்க, நல்லதுதான், அடிப்படை ஒழுங்காச் சொல்லித்தருவாங்க. ஆனா முடிச்சுட்டு வந்த திங்கட்கிழமையே தனியா லேப் கோலி போடக் கிளம்பிராதீங்க.

இன்னொண்ணு. எஃப்.என்.பி. சேர்ந்து முதல் நாலு மாசம் நான் என்ன பண்ணேன் தெரியுமா? கேமரா.

தலைமாட்டுக்காரன்:

நான் மயக்க மருந்துக்காரன், திரைக்கு இந்தப் பக்கம். கேக்காமலே ஒரு யோசனை.

என்னைக்காவது வெரஸ் ஊசி (வயித்துக்குள்ள காஸ் விடுற ஊசி) உங்க கைக்கு வரும். அன்னைக்கு காஸை மெதுவா விடுங்க, நிமிஷத்துக்கு 1 லிட்டர்ல ஆரம்பிங்க. வயித்தைச் சட்டுனு ஊதினா பெரிட்டோனியம் (வயித்தோட உள்சவ்வு) இழுபட்டு நாடி தடாலடியா விழும். 80-ல ஓடிட்டிருந்தது 35-க்கு இறங்கிறதை என் மானிட்டர்ல பாத்திருக்கேன். நான் "காஸ் நிறுத்து"ன்னா ஏன்னு கேக்காதீங்க, முதல்ல குழாயைத் திறந்து விடுங்க, நாடியை ஏத்துற அட்ரோபின் என் வேலை. வயித்துக்குள்ள காஸ் பிரஷர் 12-ல ஆபரேஷன் நடக்கும்னா 15 எதுக்கு? தலையைத் தூக்கு, இடப்பக்கம் சாய்னு ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லாதீங்க, பி.பி.க்கு மூச்சு விட நேரம் குடுங்க.

அனஸ்தட்டிஸ்ட்டோட சிநேகமா இருக்கிற சர்ஜனுக்குத்தான் "இன்னும் பத்து நிமிஷம்"னு கேக்குற உரிமை உண்டு.

ஸ்டூல் மேல நிக்கிறவ:

தம்பி, 41-ன்னு எண்ணி வெச்சிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சுச் சிரிச்சுட்டேன். நான் எம்.எஸ். படிச்ச 90-கள்ல எங்க காலேஜ்ல டவரே கிடையாது. பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில டாக்டர் உத்வாடியா 1990-லயே லேப் கோலி போட்டுட்டார், கோயம்புத்தூர்ல டாக்டர் பழனிவேலு போடுறார்னு பேசிக்குவோம். எங்களுக்கு அது கான்ஃபரன்ஸ் ஸ்லைடுல பாக்குற சமாச்சாரம். நான் லேப் கத்துக்க ஆரம்பிச்சப்போ வயசு 38, பையன் ஆறாவது படிச்சான். இப்போ ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில இருக்கேன். டி.ஆர்.பி.க்கு வர்ற பிள்ளைங்க அத்தனை பேரும் உங்க மூணாவது கேள்வியைத்தான் மூட்டையில கட்டிட்டு வர்றாங்க. அதனால நீளமாவே எழுதறேன்.

கேமரா. ஒரு பி.ஜி. கேமரா பிடிக்கிற அஞ்சு நிமிஷத்துல, அவன் ஆபரேஷன் பாக்குறானா டிவி பாக்குறானான்னு எனக்குத் தெரிஞ்சிரும். டிவி பாக்குறவன் கைக்குப் பின்னாலயே போவான். ஆபரேஷன் பாக்குறவனோட கேமரா, என் கை போறதுக்கு அரை நொடி முன்னாடி அங்க போய் நிக்கும். லென்ஸ் சாய்வா இருக்கிற 30 டிகிரி ஸ்கோப்ல லைட் கேபிள் 12 மணியில இருந்தா லென்ஸ் கீழே பாக்கும், 6 மணிக்குத் திருப்பினா மேலே பாக்கும். இதை வாயால சொல்லாத பி.ஜி. கிடையாது. தியேட்டர்ல கேபிளைத் திருப்பாம கேமராத் தலையையே திருப்பி, கல்லீரலைச் செங்குத்தா நிறுத்திருவாங்க. நான் கழுத்தைச் சாய்ச்சுப் பாத்துக்கிட்டே ஆபரேட் பண்ணணும். அப்புறம், லைட்டை அணைக்காம கேபிளைக் கழட்டித் துணி மேல வெக்காதீங்க. எங்க தியேட்டர் பச்சைத் துணி ஒண்ணுல ஒரு ரூபாக் காசு அளவுக்குக் கருகல் இருக்கு. சிஸ்டர் அதைத் தூக்கிப் போடாம, புதுசா வர்றவங்களுக்குக் காட்டவே மடிச்சு வெச்சிருக்காங்க.

அடுத்த கேஸ்லருந்து ஒண்ணு பண்ணுங்க. உங்க சீஃப் அடுத்து எங்க கை வெப்பார்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே வாங்க. தப்பாப் போன இடத்தை ஞாபகம் வெச்சு, கேஸ் முடிஞ்சு கை கழுவுறப்போ கேளுங்க. ராத்திரி ரூமுக்கு வந்து அன்னைக்குப் பாத்த கேலட் முக்கோணத்தை (பித்தப்பையோட குழாயும் ரத்தக்குழாயும் இருக்கிற இடம்) பென்சில்ல வரைங்க. கொழுப்பு எங்க, ரத்தக்குழாய் எங்க வளைஞ்சது, எந்த இடத்துல சீஃப் தயங்கினார். 41 படம் உங்ககிட்ட இருந்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது.

பெட்டி. ஸ்கில் லேப் சாவிக்காக அலையாதீங்க. இந்தப் பெட்டிப் பழக்கத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. கீல் நகரத்துல குர்ட் செம்னு ஒரு ஜெர்மன் மகப்பேறு டாக்டர், லேப்ல கைபழக பெல்வி-ட்ரெய்னர்னு ஒரு பெட்டி செஞ்சார். 1980-ல முதன்முதலா லேப்ல அப்பெண்டிக்ஸ் எடுத்தவரும் அவர்தான். அதுக்குப் பரிசா, அவரைத் தொழில் செய்யவிடாம நிறுத்தணும்னு ஜெர்மன் சர்ஜன்கள் சங்கத் தலைவரே எழுதினார். இன்னைக்கு நாம எல்லாரும் அவர் பெட்டியிலதான் பழகுறோம்.

என் பெட்டி சேலை வெக்கிற பிளாஸ்டிக் டப்பா. மூடியில ரெண்டு ஓட்டை போட்டு, பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டி, நடுவுல கீறல். கம்பி அதுல ஊசலாடும், வயித்துச் சுவர்ல மாட்டின மாதிரியே இருக்கும். கையை இடப்பக்கம் தள்ளினா முனை வலப்பக்கம் போகுதே, மூளைக்கு அந்தக் குழப்பம் தீர வேற மருந்து இல்ல. உள்ளே ஒரு எல்.இ.டி. பட்டை. கேமராவுக்கு ஒயர் வெச்ச வெப்கேம் வாங்குங்க. போன்ல எடுத்து வைஃபையில டிவிக்குப் போட்டா படம் ஒரு துளி பிந்தி வரும். கண் சொல்றதும் கை செய்றதும் ஒட்டாது, தப்பான பழக்கம்தான் மிஞ்சும். கருவிக்குத் தியேட்டர் இன்சார்ஜ் சிஸ்டரைக் கேளுங்க. இன்சுலேஷன் உரிஞ்சு கழிச்சுக்கட்டின கிராஸ்பர் (பிடிக்கிற கருவி), மேரிலாண்ட் (வளைஞ்ச முனையால பிரிக்கிற கருவி) எல்லாம் அலமாரி அடியில கிடக்கும். கரண்ட் குடுக்காத வரைக்கும் பழக அது போதும். கேட்டு, ரெஜிஸ்டர்ல எழுதி வாங்குங்க.

உள்ளே என்ன வெக்கிறது? எங்க அம்மாவோட பல்லாங்குழிப் பலகை. நிஜமாத்தான் சொல்றேன். மேல் வரிசைக் குழியில இருந்து இடது கையால ஒரு புளியங்கொட்டையை எடுக்கணும், அந்தரத்துலயே வலது கைக்கு மாத்தணும், எதிர் வரிசைக் குழியில போடணும். ஏழு குழி முடிஞ்சா திரும்பி வரணும். கொட்டை வழுவழுன்னு நழுவும், முதல் வாரம் அழுகையே வரும். சோழியில ஆரம்பிச்சா கொஞ்சம் சுலபம், பிடிக்க ஒரு விளிம்பு உண்டு. அமெரிக்காவுல சர்ஜரி போர்டுப் பரீட்சைக்குப் போகணும்னா முதல்ல எஃப்.எல்.எஸ்.ங்கிற லேப் அடிப்படைத் தேர்வு தேறணும். அதுல முதல் பயிற்சி ஏறக்குறைய இதேதான்: ஆறு வளையம், அந்தரத்துல கை மாத்தி அந்தப் பக்கம் போட்டு, மறுபடி கொண்டு வரணும். கை தேர்ந்தவங்க அளவுன்னு வெச்சிருக்கிறது 48 வினாடி. உள்ளே முடிச்சுப் போடுறதுக்கு 112 வினாடி. எனக்கு முதல் நாள் முடிச்சு ஒண்ணுக்குப் பதினோரு நிமிஷம் ஆச்சு. நூலை 12 செ.மீ.க்கு மேல விடாதீங்க. நீள நூல் உள்ளே பாம்பா சுருண்டுக்கும், வாலைத் தேடியே பொழுது போயிரும்.

பிரிச்செடுக்கிற கை வர கோழிக்கால் வாங்குங்க. கறிக்கடையில "தோலோட குடுங்கண்ணே"ன்னு சொன்னா ஒரு மாதிரிப் பாப்பார், பாக்கட்டும். தோலுக்கும் சதைக்கும் நடுவுல சிலந்தி வலை மாதிரி ஒரு படலம் இருக்கும். அதைக் கிழிக்காம, தோல்ல ஓட்டை விழாம, மேரிலாண்ட்ல பிரிங்க. கல்லீரல்ல இருந்து பித்தப்பையை எடுக்கிற தளத்துக்கு அவ்வளவு கிட்ட வேற எதுவும் எனக்கு அமையல. முடிச்சப்புறம் குழம்பு வெச்சுராதீங்க, தியேட்டர் கருவி பட்டது.

இப்போ என் பேருக்குக் காரணம். நான் நாலடி பதினொரு அங்குலம், கிளவ்ஸ் சைஸ் 6. லேப்ல கைப்பிடி முழங்கை உயரத்துல இருக்கணும், அதுக்கு டேபிள் தரையில இருந்து 64-லருந்து 77 செ.மீ. வரைக்கும்னு கணக்கு. எனக்கு அதுல கீழ் அளவுதான் சரிப்படும், எங்க டேபிள் அவ்வளவு இறங்காது. ரெண்டு வருஷம் தோளைத் தூக்கித் தூக்கி ஆபரேட் பண்ணி, சாயங்காலம் பையனுக்குத் தலை சீவ கை எழும்பாது. அப்புறம் ஆசாரியைக் கூப்பிட்டு ஒரு ஸ்டூல் அடிக்கச் சொன்னேன். முதல் ஸ்டூல் குறுகலாப் போச்சு. நான் மேல நிக்கிறேன், காட்டரி (கரண்ட்ல கருக்குற கருவி) பெடல் கீழே தரையில, ஒத்தைக்கால்ல கொக்கு மாதிரி தேடணும். ரெண்டாவது ஸ்டூலைப் பெடலையும் ஏத்திக்கிற அகலத்துக்கு அடிச்சோம், விளிம்புல ஒரு சட்டம் வெச்சு, பெடல் சறுக்கி விழாம. கருவிக் கைப்பிடி பெரிய கைக்குன்னே செஞ்சது, ஸ்டேப்ளரை நான் ரெண்டு கையாலதான் அமுக்குவேன். இது ஏதாவது பெண் பி.ஜி. கண்ணுல பட்டா: உங்க கையில குறை இல்லம்மா, கருவி உங்களை நினைச்சு செய்யல.

எழுத நினைச்ச முக்கியமான விஷயத்துக்கு இப்பத்தான் வர்றேன்.

நான் தனியா லேப் கோலி போட ஆரம்பிச்சு மூணாவது மாசம். பூக்கட்டி விக்கிற அம்மா, 45 வயசு, மூணு தடவை வலி வந்து அடங்கியிருக்கு. ஹார்ட்மேன் பவுச், அதான் பித்தப்பையோட கழுத்துப் பக்கப் புடைப்பு, நல்லா ஒட்டிப்போயிருந்தது. பவுச்சை வலப்பக்கமா, வெளிப்பக்கமா இழுத்தா சிஸ்டிக் டக்ட் (நாம வெட்ட வேண்டிய பித்தப்பைக் குழாய்) பொதுப் பித்தநாளத்துல (குடலுக்குப் பித்தம் கொண்டு போற, தொடக்கூடாத பெரிய குழாய்) இருந்து விலகிக் குறுக்கா நிக்கும். நான் அவசரத்துல மேல் நோக்கி இழுத்துட்டேன். அப்படி இழுத்தா ரெண்டும் ஒரே கோட்டுல நேரா வந்து, ஒரே குழாய் மாதிரித் தெரியும். அழகா ஒரு குழாய் கிடைச்சிருச்சுன்னு சந்தோஷம் வேற. கிளிப் அப்ளையரை உள்ளே விட்டேன். கிளிப்போட ரெண்டு காலுக்கு நடுவுல குழாய் முழுசா அடங்கல, ஓரம் வெளியே நின்னுச்சு. ஸ்க்ரப் சிஸ்டர் கேட்டாங்க: "பெரிய கிளிப் எடுக்கட்டுமா டாக்டர்?"

எடுங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்திருச்சு. சிஸ்டிக் டக்டுக்கு எதுக்குப் பெரிய கிளிப்? கேமராவைப் பின்னால இழுக்கச் சொன்னேன். இழுத்ததும் மொத்தப் படமும் வந்துச்சு. அந்தக் குழாய் நேரா டியோடினத்துக்கு (சிறுகுடலோட முதல் பகுதி) பின்னால போய் மறையுது. பொதுப் பித்தநாளம். கிளிப் வெச்சு வெட்டியிருந்தா அந்த அம்மா வாழ்நாள் முழுக்க ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைஞ்சிருக்கணும்.

அப்ளையரை வெளியே எடுத்துட்டு "ஓப்பன் செட் விரிங்க"ன்னேன். எனக்கு வேர்த்துக் கொட்டுது, அனஸ்தட்டிஸ்ட் ஒரு வார்த்தை பேசல, அதுக்கு இன்னைக்கும் நன்றி. விலாவுக்குக் கீழே நல்ல நீளமா கீறல். பத்தாம் நாள் தையல் பிரிக்க வந்தப்போ, "ஓட்டை போட்டு எடுப்பேன்னுதானம்மா சொன்னீங்க?"ன்னு கேட்டாங்க. உள்ளே இருந்ததைச் சொன்னேன். "நார் இத்துப்போன இடத்துல நானும் இறுக்க மாட்டேன்"ன்னுட்டுப் போயிட்டாங்க.

அப்புறம்தான் படிச்சேன். 2003-ல லாரன்ஸ் வே குழுவினர் 252 பித்தநாளக் காயங்களை அலசினாங்க. அதுல 97 சதவீதத்துல மூல காரணம் கண் ஏமாந்தது, கைத்திறமைக் குறைவு இல்ல. நான் இழுத்த மாதிரி இழுத்து, வேற குழாயை இதுதான்னு நம்பினது. ஸ்ட்ராஸ்பெர்க் 1995-ல சொன்ன மூணும் அதுக்குத்தான்: முக்கோணத்துல கொழுப்பும் நாரும் போய்ச் சுத்தமா இருக்கணும், பித்தப்பையோட அடி மூணுல ஒரு பங்கு கல்லீரல்ல இருந்து பிரிஞ்சிருக்கணும், பித்தப்பைக்குள்ள ரெண்டே ரெண்டு குழாய்தான் போகணும். மூணும் தெரியலன்னா கிளிப் கிடையாது. பாறை மாதிரி இறுகியிருந்தா சப்-டோட்டல் (பித்தப்பையில ஒரு பகுதியை விட்டுட்டு மீதியை மட்டும் எடுக்கிறது) பண்ணிட்டு வெளியே வாங்க, இல்ல வயித்தைத் திறங்க. ரெண்டுமே தோல்வி இல்ல.

டி.ஆர்.பி.யில போன முதல் நாளே "கேஸ் குடுங்க மேடம்"னு நிக்காதீங்க. நானா இருந்தா குடுக்க மாட்டேன். ஒரு வாரம் டவரை நீங்களே பூட்டிக் கழட்டுங்க, சிலிண்டர்ல காஸ் எவ்வளவு இருக்குன்னு கேஸுக்கு முன்னாடி பாருங்க, வொயிட் பேலன்ஸ் பண்ணுங்க, ஸ்கோப்புக்கு வெந்நீர் ஃப்ளாஸ்க் ரெடியா வைங்க. அப்புறம் வரிசையாக் கேளுங்க: போர்ட் (கருவி விடுற ஓட்டை) தைக்கிறது, கடைசி போர்ட் போடுறது, இடது கை கிராஸ்பர், கல்லீரல்ல இருந்து பித்தப்பையைப் பிரிக்கிற கடைசிப் பாதி. முக்கோணம் எல்லாத்துக்கும் கடைசி. மாவட்ட ஆஸ்பத்திரியில பி.ஜி. கூட்டம் கம்மி, கை நிறைய வேலை உண்டு.

கேமராமேன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மேடம், பதிலை மூணு தடவை படிச்சேன்.

பெட்டி ரெடி. அம்மாகிட்ட பல்லாங்குழி கேட்டேன், "கல்யாணம் பேசலாம்னு பாத்தா இவன் பல்லாங்குழி கேக்குறான்"னு அக்காவுக்குப் போன் போட்டுச் சிரிச்சிருக்காங்க. முதல் நாள் ஏழு குழி போய்த் திரும்ப 6 நிமிஷம் 20 வினாடி, நாலு கொட்டை பலகைக்கு வெளியே. இன்னைக்கு 2 நிமிஷம் 45. ரூம்மேட் ஆர்த்தோ பி.ஜி., அவன் ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு "எங்களுக்குச் சுத்தியல் போதும்டா"ன்னுட்டான்.

வியாழக்கிழமை லிஸ்ட்ல மேடம் சொன்ன மாதிரி மனசுக்குள்ள முன்கூட்டியே சொல்லிக்கிட்டே கேமரா பிடிச்சேன். பாதியில அசிஸ்டண்ட் சார் திரும்பி என்னைப் பாத்தார், ஒண்ணும் சொல்லல. பித்தப்பை பாதி பிரிஞ்சதும் "இந்தா, பவுச்சைப் பிடி"ன்னு இடது கை கிராஸ்பரைக் குடுத்தார். 12 நிமிஷம். இழுக்க வேண்டியது வெளிப்பக்கமா, மேலேயான்னு ஒரு நொடி கை நடுங்குச்சு, வெளிப்பக்கமா இழுத்தேன். லாக் புக்கில 44-வது கேஸ்.

ஒரு சந்தேகம். பிரிக்கும்போது வலப்பக்கம் கல்லீரல்ல ஒரு பள்ளம் மாதிரி தெரிஞ்சது, சார் அதுக்குக் கீழே போகாதேன்னார். கேக்க நேரம் இல்ல.

ஸ்டூல் மேல நிக்கிறவ:

அது ரூவியர் பள்ளம். பொதுப் பித்தநாளம் பெரும்பாலும் அந்த மட்டத்துலயோ அதுக்குக் கீழேயோதான் இருக்கும், அதனால பிரிக்கிற வேலையெல்லாம் அதுக்கு மேலேயே. எல்லாருக்கும் தெளிவாத் தெரியாது, சிலருக்கு வெறும் தழும்பு மாதிரி இருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. ஒவ்வொரு கேஸ்லயும் முதல் வேலையா அதைத் தேடுங்க, சார் கேக்குறதுக்கு முன்னாடி கேமராவை அங்க ஒரு தடவை காட்டுங்க.

வியாழக்கிழமை படம் வரைஞ்சீங்களா? பள்ளத்தோட வரைஞ்சு இங்க போடுங்க, பாக்குறேன். ஓ.பி. சீட்டுப் பின்பக்கத்துல வரைஞ்சிருந்தா பேஷண்ட் பேரும் நம்பரும் தெரியாம மடிச்சு எடுங்க.